நடுக்கோடு

இரவு பதினொன்றே கால்.
சாஸ்கடூன், வெளியே மைனஸ் பதினெட்டு.
இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு.

தட்டில் பதினாலாம் நாள் எலிக்கருவின் அண்ணம்.
அண்ணம் என்று இன்னும் சொல்லக் கூடாது.
இரண்டு மடல்கள்,
சேர்த்து வைத்தாலும் கடுகில் பாதி வராது.

கருவுக்குள் இவை முதலில் தொங்கும்,
நாக்குக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.
பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சொந்தக்காரர்கள்
ஒரே காரின் பின்சீட்டில் போவதுபோல.
நடுவில் கொழுத்து உட்கார்ந்திருக்கும் நாக்கு
இறங்கியாக வேண்டும்.
இறங்குகிற அந்தச் சில மணி நேரத்தில்
மடல்கள் எழுந்து, குறுக்கே சாய்ந்து,
ஒன்றை ஒன்று நோக்கி நீளும்.

மனிதருக்கு இது எட்டாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும்.
பெண்கருவுக்கு ஒரு வாரம்போலப் பிந்தும்.
ஏன் என்று கேட்டால் மார்லீன் தோளைக் குலுக்குவாள்.
அந்த ஒரு வாரத்தில் எங்கோதான்
நான் தவறிப்போனேன்.

ஐந்து வயதுவரை எனக்குப் 'ப' கிடையாது.
உதட்டுக்கு வரவேண்டிய காற்று
மூக்குக்கு ஏறிவிடும்.
அப்பா என்றால் அம்மா என்று விழும்.
இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.
கொஞ்ச நாளில் அப்பா
அம்மாவுக்கும் சேர்த்தே 'ஓ' என்று குரல் கொடுத்தார்.

பிறகு தைத்தார்கள்.
பிறகு பேச்சுப் பயிற்சிக்காரி
மூக்கடியில் ஒரு சின்னக் கண்ணாடி பிடித்தாள்.
பனித்தால் தப்பு. மறுபடி சொல்.

தையல் வேறு, இது வேறு.
ஓரத்துச் செல்களுக்குப் பச்சை ஒளி ஏற்றியிருக்கிறோம்.
வெளித்தோல் முதலில் உதிர்கிறது,
வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல.
அப்புறம் விரல் மாதிரி ஏதோ நீட்டி
எதிர்ப்பக்கத்தைத் தொடுகின்றன.
முதலில் தொட்டது எது?
நாலு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.
இரண்டும்தான்.

ஒட்டிக்கொண்டதோடு முடியவில்லை.
ஒட்டியவை அங்கேயே நின்றால் அது சுவர்,
இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர்.
அது கலைய வேண்டும்.
சில செல்கள் செத்துப்போகும்.
சில நெருக்கப்பட்டு
மூக்குப் பக்கமோ வாய்ப் பக்கமோ ஒதுங்கும்.
பச்சைக்கோடு மெலியும், அறும், தீவு தீவாகும்.
தீவுகளின் இடுக்கு வழியே
அந்தப் பக்கத்துச் சதை இந்தப் பக்கம் வரும்.
விடிந்தால் கோடு இருந்ததற்குச் சாட்சி
என் வீடியோ மட்டும்.

ஜன்னலுக்குக் கீழே ஆறு.
இரு கரையிலிருந்தும் பனி வளர்ந்து
நடுவில் கறுப்பாய் ஒரு வரி புகைகிறது.
சனிக்கிழமைக்குள் மூடிவிடும் என்றாள் மார்லீன்.
ஒப்பிடத் தோன்றியது.
வேண்டாம்.
ஆறு ஏப்ரலில் திறக்கும், டிசம்பரில் மூடும்,
எத்தனை தடவையும் முயன்று பார்க்கும்.

ஐந்தாம் தட்டு இன்னும் சேரவில்லை.
தொட்டன. பார்த்தேன்.
தொட்ட இடத்தில் செல்கள் போகாமல் நின்று
தடித்து,
மெல்ல விலகிக்கொண்டன.
படிவத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறது.
ஒரு டிக் போதும்.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
நாக்கு நுனியால் மேல்வாயைத் தடவினேன்.
அங்கேதான் இருந்தது
முப்பத்தோரு வருடத்து மேடு.

டிக் போட்டேன்.
எழுந்து ஜன்னலோடு முகம் வைத்து
அப்பா என்றேன்,
யாரையும் கூப்பிடாமல்.
உதட்டுக்குப் பின்னால் காற்று நின்றது,
நின்று உடைந்தது.

கண்ணாடி பனித்தது.
மூக்கா வாயா என்று
அது சொல்லவில்லை.