முதல் பிரசவம் என்று எழுதியிருந்தது

இந்த ஊரில் ஓ.டி. இரண்டு.
ஒன்று பழைய துறைமுகப் பக்கம், டவுன் பஸ் போகும்.
இன்னொன்று எனக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில்.
இரவு பதினொன்றரைக்கு அங்கிருந்துதான் ஃபோன்:
"ரெண்டு யூனிட், பி பாசிட்டிவ், சீக்கிரம் மேடம்."

பி பாசிட்டிவ் என்னிடம் பதினான்கு பை,
பாதி சிப்காட் முகாமில் எடுத்தவை.
முதல் பை ஒத்துவரவில்லை.
இரண்டாவதும்.
மூன்றாவதற்குக் கார்டை டியூப்லைட் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.
பொருந்தும் ரத்தம் ஜெல்லுக்குள் இறங்கி
அடியில் மிளகளவு உட்காரும்.
இது இறங்கவில்லை.
வாசலில் வழிமறித்தது போல
மேலேயே ஒரு சிவப்புக் கோடு.

பெரியநாயகி, 23, நெல்லிக்குப்பம்.
நேற்றுக் காலை பிள்ளை பிறந்து
நஞ்சுத் துண்டு உள்ளே தங்கிவிட்டது.
எடுத்துவிட்டார்கள். ரத்தம் நின்றது, நிறம் திரும்பவில்லை.
ஹீமோகுளோபின் ஆறு புள்ளி இரண்டு.
முதல் பிரசவம்: ஆம்.
முன்பு ரத்தம் ஏற்றியதுண்டா: இல்லை.
இரண்டுக்கும் ஒரே பேனா, ஒரே அவசரம்.

பதினோரு செல் வைத்துப் பார்க்கப் புதுச்சேரிக்குத்தான் அனுப்ப வேண்டும்.
எடுத்துப் போனவன் அவள் கணவன் தேவநாதன்.
பைக் டேங்க் மேல் ஐஸ் பெட்டி,
பெண்ணையாற்றுப் பாலம், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம்,
ஒவ்வொரு வேகத்தடையிலும்
ஒரு கையால் பெட்டியை அணைத்துக்கொண்டே போனானாம்.
என்ன கொண்டுபோகிறோம் என்று அவனுக்குத் தெரியாது.
தெரியுமோ என்னவோ.

மூன்றேகாலுக்குப் பதில்:
ஆன்டி ஸ்மால் சி. நான்கு பிளஸ்.

உடம்பு இதைக் கற்க
ஒன்று, பிறர் ரத்தம் ஏறியிருக்க வேண்டும்.
இல்லையென்றால் ஒரு பிள்ளை உள்ளே தங்கியிருக்க வேண்டும்,
அப்பன் வழி வந்த ஸ்மால் சியோடு.
நேற்றுப் பிறந்தது கற்றுக்கொடுத்திருக்காது.
உடம்பு அத்தனை சீக்கிரம் படிக்கிற பிள்ளையில்லை.
அது மஞ்சள் பூத்து நீல விளக்கடியில் கிடக்கிறது,
தனக்கு முன்னால் வந்துபோன யாருக்கோ எழுந்த கோபத்தைத்
தான் வாங்கிக்கொண்டு.

ஜன்னலில் மாமியார்:
"பதினாலு பை இருக்குன்னீங்களே,
ஒண்ணுகூடவா சேரல?
எல்லாப் பொருத்தமும் பார்த்துத்தாம்மா கட்டிவெச்சோம்."

வார்டில் ரெஜினா சிஸ்டர்
அந்த அம்மாளை ஹார்லிக்ஸ் வாங்க அனுப்பிவிட்டுக் கேட்டாராம்.
பெரியநாயகி சுவர்ப்பக்கம் திரும்பி
"ஐப்பசியில" என்றாளாம்.
அவ்வளவுதான் ஃபோனில் எனக்கு வந்தது.
எந்த வருஷத்து ஐப்பசி என்று நான் கேட்கவில்லை.
சோதனைக்கு அது தேவையில்லை.

மீதிப் பதினொன்றில் ஐந்து பையில் ஸ்மால் சி இல்லை.
அதிசயமில்லை, நம் பக்கம் பலருக்கு இருக்காது.
திரும்பவும் ஜெல், திரும்பவும் பதினைந்து நிமிஷம் சூடு.
இறங்கியது.
அடியில், மிளகு.

ஒரு பைதான் கொடுத்தேன்.
ஏற்றிப் பாருங்கள், அப்புறம் அடுத்ததைக் கேளுங்கள் என்றேன்.
இப்போதெல்லாம் அப்படித்தான்.
முன்பு இரண்டாகவே கேட்போம், இரண்டாகவே கொடுப்போம்,
ஏனென்று யாருக்கும் தெரியாது.

சில வருஷத்தில் இந்த எதிர்ப்பு
குறைந்து, தேய்ந்து, எந்தக் கார்டிலும் தெரியாமல் போகும்.
அன்றைக்கு யாராவது நல்ல மனதோடு
தப்பான பையை மாட்டினால்
ஒரே வாரத்தில் மொத்தமும் திரும்பி வரும்.
அதனால் ஒரு அட்டை எழுதினேன்:
பெயர், குரூப், எது ஏற்றக் கூடாது, என் கையெழுத்து.
எப்படி வந்தது என்பதற்கு அட்டையில் கட்டம் கிடையாது.

விடிந்ததும் மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"எந்த ரத்தம் ஏத்தக் கூடாதுன்னு போட்டிருக்கும்மா."
"ஏனாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள்
தேவநாதன் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.
தூங்காத கண். ஹெல்மெட் இன்னும் கையில்.
"லேமினேஷன் பண்ணிடலாமா மேடம்?
தண்ணி பட்டா எழுத்து போயிடும்."