அந்திக்கு முன்

முள்கம்பியைக் கழற்றினால்தான் தருவோம் என்றாள்
சங்கத்திலிருந்து வந்த பெண்.
கையில் அளவு நாடா, காலில் சேற்று பூட்ஸ்.
வேலியோரமாக முழுதும் நடந்தாள்,
தண்ணீர்த் தொட்டிக்குள் விரலை விட்டு முகர்ந்தாள்,
சமையலறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பல வருடத்துக்கு முன் வேறொரு படிவம் நிரப்பினோம்,
டர்பனில், ஏழாவது மாடியில்.
அந்த அம்மாள் அலமாரிகளைத் திறந்து பார்த்தாள்.
என் இரவுப் பணி அட்டவணையைக் கேட்டு வாங்கினாள்.
பிறகு கடிதம் வரவில்லை.

இந்தப் படிவத்தில் ஒரு கேள்விதான் இடறியது:
ஏன் குதிரை?
பூபாலன் பேனாவை என் பக்கம் தள்ளினார்.
'இடம் இருக்கிறது' என்று எழுதினேன்.
டொங்காட் கரும்புக்கு நடுவே ஒன்றரை ஏக்கர்,
இரண்டு மாமரம்,
குரங்குகளை எண்ணவில்லை.

வேனிலிருந்து இறங்கியவன்
நேரே தூர மூலைக்குப் போய் நின்றுகொண்டான்.
மண் நிறம். விலா எலும்பை எண்ணலாம்.
முன்னங்கால் கணுவைச் சுற்றி
கம்பி அறுத்த இடத்தில் மயிர் வெள்ளையாய் முளைத்திருந்தது.
ரயில் பாதையோரம் யாரோ கட்டிப்போட்டு
அவிழ்க்க வராமலே போய்விட்டார்களாம்.

தத்தெடுத்திருக்கிறோம் என்று
கோவிலில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.
மறுநாள் படையாச்சி அம்மாள் பால்கோவாவோடு வாசலில்.
ஆணா, பொண்ணா?
ஆண்.
வயசு?
ரெண்டு முடியப்போகுது.
பேசுறானா?
கொல்லையிலிருந்து அவனே பதில் சொன்னான்.
தட்டைத் திரும்ப எடுத்துப் போகவில்லை, நல்ல மனுஷி.

தம்பி சகாதேவன் ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தான்.
விற்கக் கூடாது, பந்தயத்துக்கு விடக் கூடாது,
இன்னும் ரெண்டு வருஷம் ஏறவும் கூடாது.
அக்கா, இவனுக்குக் கொம்பு முளைச்சாலும்
உனக்கு லாபம் முளைக்காது.

ஒன்பது நாள் அந்த மூலையிலேயே நின்றான்.
பத்தாம் நாள், கரும்பு வெட்டுபவர்கள் வீட்டு ம்தோகோசிசி
வேலிமேல் முதுகு காட்டி உட்கார்ந்து
சோளக்கதிரைக் கடித்தபடி
இஹாஷி, இஹாஷி என்று
தன் பாஷையில் காற்றிடம் பேசிக்கொண்டிருந்தான்.
குதிரை என்றுதான் அதற்கு அர்த்தம்.
பாதிக் கதிர் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து காணாமல் போனது.

இங்கே அந்திதான் பயம்.
கொசுவில் கால்பங்கு இருக்கும் ஒரு பூச்சி
வெயில் தாழ்ந்ததும் புல்லிலிருந்து எழும்.
அது கடித்து நோய் கண்டால்
நுரையீரலில் நீர், மூக்கில் நுரை,
எத்தனையோ குதிரைகள் விடிவதற்குள் போயிருக்கின்றன.
எனவே சூரியனுக்கு முன் லாயம், கதவுக்கு வலை,
மின்விசிறி, தினமும் இருவேளை வெப்பமானி.

காய்ச்சல் வார்டில் இருபத்திரண்டு வருடம்.
முப்பத்தெட்டைக் கண்டால்
என் கால் தானாக டாக்டர் அறைக்கு ஓடும்.
இவனுக்கு முப்பத்தெட்டுதான் சரியான சூடு.
தெரிந்தும் முதல் வாரம் மூன்று முறை
நள்ளிரவில் சங்கத்துக்குப் போன் செய்தேன்.
நன்றாகத்தான் இருக்கிறான், நீங்கள் தூங்குங்கள் என்றார்கள்.
அந்த வாக்கியத்தை
மற்றவர்களுக்குச் சொல்லியே பழகியவள் நான்.

பகல் பணி வாரம். ஸ்டேங்கரிலிருந்து திரும்பும்போது
கரும்புக்காட்டுக்குத் தீ வைத்திருந்தார்கள்.
சாலை முழுக்கப் புகை, லாரிகள் நகரவில்லை.
கண்ணாடியில் கருஞ்சாம்பல் விழ விழ
மலைக்கு மேல் ஒரு விரல் அளவு சூரியன்,
பிறகு அரை விரல்,
பிறகு வெறும் சிவப்பு.
பூபாலன் போனை எடுக்கவில்லை.
எடுத்தாலும் என்ன, நாய்க்கே வழிவிட்டு ஒதுங்குகிறவர்.

ஓடிப் போனேன். லாயத்தில் விளக்கு.
உள்ளே கவிழ்த்த வாளிமேல் பூபாலன்,
வாசலை அடைத்தபடி அவன்.
ஒரு மணி நேரமா வெளிய விடமாட்டேங்கிறான்டி, என்றார்.
குரலில் புகார் இல்லை.

சுவர் அட்டையில் அன்றைய கட்டத்தில்
கோணல் எழுத்தில் முப்பத்தெட்டு.
யார் பிடிச்சது? எப்படி வெச்சீங்க?
கேக்காதே என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார்.
கட்டைவிரல் நகம் நாவல்பழமாய் வீங்கியிருந்தது.
கட்டுப் போடவா என்றேன்.
வேண்டாம்,
வெள்ளிக்கிழமை கோவிலில் காட்டணும்.