முக்கால் அங்குலம்

கழனிவாசல் சாலையில் என் பட்டறை.
ஹாரன், டைனமோ, கருகிய வயர், எதுவானாலும்
"ஃபிலோமினாட்ட காட்டு" என்பார்கள்.
தை பிறக்க ஒன்பது நாள் இருக்கையில்
வயிரவன் அண்ணன் வெள்ளை வேனோடு வந்தார்.
பழனிக்கு நடப்பவர்களின் பின்னால் போகும்
மருந்து வண்டி.
போன வருஷம் நத்தம் பக்கம்
எல்லார் கையிலும் போன்,
ஒருத்தர் போனிலும் டவர் இல்லை.

"ரெண்டு வயர்லெஸ் போடணும்.
இதுல ஒண்ணு, சாத்தையா ஓட்டுற தண்ணி வண்டியில ஒண்ணு.
இருக்கதுலயே பெரிய வாட் எதுவோ அதை எடு."

வாட்டை வச்சு என்ன செய்ய அண்ணே?
கிணத்துக்குள்ள நின்னு கத்துறவனும்
கம்மாக்கரையில ஏறிக் கூப்பிடுறவனும் ஒண்ணா?
இருபத்தஞ்சு போதும்.
முதல்ல லைசென்ஸ் தாளைக் காட்டுங்க.

காட்டினார். மடிப்பில் விபூதி.

ஆன்டெனாவைப் பம்பரில் மாட்டலாமே என்றார்.
மாட்டலாம், பாதித் திசைக்குக் காது கேட்காது.
கூரைக்கு நட்டநடுவில் நிற்க வேண்டும்;
சுற்றிலும் தகடு விரிந்து கிடந்தால்தான்
அந்த ஒன்றரை அடிக் கம்பிக்குக் கால் ஊன்றும்.
துளை போடணும். முக்கால் அங்குலம்.

அவர் முகம் போன போக்கு!
"புது வண்டிம்மா. கூரையில ஓட்டையா?"

கானாடுகாத்தானில் அவர் வீட்டுக்கு
இன்வெர்ட்டர் மாட்டப் போயிருக்கிறேன்.
"அண்ணே, வீட்டு நடுவுல
வானத்துக்கே வழி விட்டுக் கட்டின ஆளுக நீங்க.
முக்கால் அங்குலத்துக்கா பயப்படுறீக?"

சிரிக்கவில்லை. சாவியைக் கொடுத்தார்.
டிரில் இறங்கும்போது
தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்,
பிள்ளைக்குக் காது குத்துகையில்
தகப்பன் நிற்பதுபோல.

பெயின்டைச் சுரண்டி, தகடு மினுங்க, எர்த் கொடுத்தேன்.
சிவப்பு வயர் நேரே பேட்டரிக்கு,
ஒரு சாண் தள்ளி ஃபியூஸ்.
சாவியோடு சேர்ந்து அணைகிற மாதிரி வை என்றார்.
மாட்டேன் என்றேன்.
மைக்கை டேஷ்போர்டு பெட்டிக்குள் வை, பாக்க லெட்சணமா இருக்கும் என்றார்.
அதுக்கும் மாட்டேன்.
ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்
கை தானாகப் போகிற இடத்தில் கொக்கி அடித்தேன்.
கம்பி நுனியில் ஒரு மயிரளவு வெட்ட
மீட்டர் முள் படிந்தது.

சாத்தையா குன்றக்குடி வரை போய்க் கூப்பிட்டார்.
"அமுக்கிட்டுப் பேசுங்க, விட்டுட்டுக் கேளுங்க.
ரெண்டும் ஒண்ணா நடக்காது."
வயிரவன் அண்ணனுக்கு அதுதான் வரவில்லை.
அமுக்கின கையை எடுக்காமலே
பதிலுக்குக் காத்திருந்தார்.

பிறகு நடந்தது எனக்கு நோட்டில்தான் தெரியும்.
தண்ணி வண்டிக்கு நான் கொடுத்த நாற்பது பக்க நோட்டு.
சாத்தையாவின் கோணல் எழுத்து:

ராத்திரி 2.10. மருந்து வண்டி கூப்பிட்டது.
பேச்சு இல்லை. அமுக்கிற சத்தம் மட்டும், மூணு தரம்.
எங்க இருக்கீகன்னு கேட்டேன்.
பள்ளம். புளியமரம். கால் மாட்டிக்கிச்சு.
2.35 போய்ச் சேர்ந்தோம். வண்டி ஒருச்சாய்ச்சுக் கிடந்தது.
டீசல் வாடைக்குப் பயந்து சாவியை அணைச்சிருந்தாக.
போன் எங்க விழுந்துச்சோ.
மைக் மட்டும் சுருள் வயர்ல
மூஞ்சிக்கு நேரா தொங்கிக்கிட்டு இருந்தது.

அடுத்த வரி:
காலை 6. தண்ணி நிரப்பினது 2000 லிட்டர்.

மாசியில் வந்தார், கையில் ஊன்றுகோல்,
இடப்பக்கம் நசுங்கிய வேன்.
அந்த ராத்திரியைப் பற்றி மூச்சில்லை.
"நேத்து மழைக்கு ஒழுகுதும்மா.
ஒரே ஒரு சொட்டுதான்,
ஓடி வந்து சரியா என் தலையில விழுகுது."

மேலே ஏறிப் பார்த்தேன்.
ரப்பர் வாஷர் விரிந்திருந்தது.
கம்பியின் அடியில் யாரோ
மஞ்சள் துணியில் காசு முடிந்திருந்தார்கள்.
அதில்தான் ஈரம் ஊறி இறங்குகிறது.

வாஷரை மாற்றினேன்.
துணியை அவிழ்க்கவா அண்ணே என்று
மேலேயிருந்து கேட்டேன்.

அவர் தெருப் பக்கம் திரும்பி
நின்றுகொண்டார்.