ஓடுமா என்று கேட்டீர்கள்

ஓடும்.
எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.
வெள்ளவத்தையிலிருந்து காலிமுகத்திடல்,
ஞாயிறு காலை ஆறரை, சிக்னல் எல்லாம் பச்சை என்றால்
ஒரு குறையும் சொல்லமாட்டேன்.
பம்பலப்பிட்டியில் சிவப்பு விழுந்தால்
சூட்டு முள் ஏறத் தொடங்கும்.
உடனே ஹீற்றரைப் போடுங்கள்.
ஓம், ஹீற்றரைத்தான். சித்திரை வெயிலிலும்.
எஞ்சினின் காய்ச்சலை
உங்கள் முழங்காலுக்கு மாற்ற அது ஒன்றுதான் வழி.

அறுபத்து நாலாம் ஆண்டு ட்ரையம்ப் ஹெரால்ட்.
குனிந்து தேடவேண்டாம், நானே சொல்கிறேன்:
கதவுக்குக் கீழே தகட்டுக்குள் கடல் இருக்கிறது.
மரீன் டிரைவில் நாலு வருடம் நிறுத்திய காசு அது.
தட்டிப் பாருங்கள்,
பப்படச் சத்தம்.

முன்சில்லின் மூட்டில் ட்ரனியன் என்றொரு பித்தளைத் துண்டு.
அதற்கு ஒயில் விடவேண்டும், கிறீஸ் கூடாது.
யாரோ கெட்டிக்காரர் கிறீஸ் அடித்துவிட்டார்.
தெஹிவளைப் பாலத்தில் சில்லு பக்கவாட்டில் மடங்கிப் படுத்தது.
பின்னால் வந்த நூறாம் நம்பர் பஸ் முழுவதும்
எழும்பி நின்று பார்த்தது.

கொம்பனித்தெரு ஜுரங்பதியின் இலக்கம் தருகிறேன்.
என் அழைப்புக்கு அவர் ஹலோ சொல்வதில்லை.
"எவ்விடத்தில நிக்கிறீங்க?"
பெற்றோல் பம்பின் சவ்வு
பஞ்சிகாவத்தை முழுக்கத் தேடியும் இல்லாத நாளில்
தன் மழைக்கோட்டை வெட்டிப் போட்டார்.
ஏழு மாதம் உழைத்தது.
பிறகு தபாலில் வந்த அசல், ஒன்பது நாள்.

மழைக்காலத்தில் இடப்பக்கம் திரும்ப சிக்னல் போட்டால்
ஹோர்ன் அடிக்கும்.
வலப்பக்கம் பிரச்சினை இல்லை.
கன்வாஸ் மூடியை இழுத்துப் பூட்ட இரண்டு பேர் வேண்டும்.
நான் பெரும்பாலும் ஒருத்தி.
ஆகவே சீற்றுக்கு அடியில் குடை,
குடைக்கு அடியில் துவாய்.

நான் காப்புறுதிக் கம்பனியில் மதிப்பீட்டாளர்.
அடுத்தவரின் வாகனத்தில் ஆபத்தை எழுதிச் சம்பளம் எடுப்பவள்.
இதைப் பற்றி மட்டும்
ஒரு வரி எழுதியதில்லை.

பெற்றோல் வரிசை நின்ற அந்த வருடம் ஞாபகமா?
நகரம் முழுக்கக் கார்களை இறங்கித் தள்ளியது.
பென்ஸ்காரருக்கு எங்கே கைவைப்பது என்று தெரியவில்லை.
நானும் ஹெரால்டும்
பழகிய ஜோடி போல முன்னே போனோம்.

விற்பது ஏனென்றால்,
ஃபிளற்ஸில் இப்போது அடுக்குத் தரிப்பிடம்.
மேல்தட்டு எனக்கு, கீழ்த்தட்டு டொக்டர் நவநீதனின் வெள்ளைப் பிரியஸுக்கு.
ஒயில் ஒரு நாளைக்கு ஏழு சொட்டு.
குழுவின் மூன்றாவது கடிதத்தில் எண்ணிக்கையும் இருந்தது.

நீங்கள் சிரித்தீர்கள். திறப்பை வாங்கினீர்கள்.
சோக்கை இழுக்கச் சொல்ல வாய் திறந்தேன்,
அதற்குள் முதல் திருப்பலிலேயே பிடித்தது.
பதினோரு வருடத்தில் எனக்கு ஒருநாளும் செய்யாதது.
இருமலில்லை, புகையில்லை,
அந்நியருக்கு முன்னால் நல்ல பிள்ளையாக
நின்று முனகியது.

"இவ்வளவும் பொய்யா சொன்னீங்கள், மிஸ்?"

சூட்டில் நிறுத்தினால்
இருபது நிமிடத்துக்கு எடுக்காது என்பதை
இன்னும் சொல்லியிருக்கவில்லை.
"ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்கோ" என்றேன்.
உங்கள் விரல் திறப்பில் இருந்தது.
எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று தெரியாமல்
நான் டொக்டரின் கார்க் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.