தானியங்கி

சூரியன் எழுந்தால் வெள்ளை, சாய்ந்தால் கறுப்பு:
உலாவி அமைப்பில் அக்டோபரிலேயே
டிக் போட்டிருந்தாள் டோருன்.
ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியில் கறுத்த திரை
கிறிஸ்துமஸ் தாண்டியும் வெளுக்கவில்லை.
பழுதில்லை, தெரியும்.
ஆனாலும் தேடுபொறியைக் கேட்டாள்.
ஏழு லட்சம் விடைகள்,
எல்லாம் வெயிலூர்க்காரர்கள் எழுதியவை:
குக்கியை அழி, மூடித் திற.
அழித்தாள். மூடித் திறந்தாள்.
அதே கறுப்பு.

ஜனவரி பதினைந்து.
காட் மீன் ஏற்றுமதிக் கணக்கின் நடுவே
பளீரென்று வெளுத்தது திரை.
ஜன்னலுக்கு ஓடினாள்.
எதிரே மலை,
மலைமேல் மூட்டம்.
திரும்பி வருவதற்குள்
பழையபடி கறுப்பு.

"ஒட்வார், பார்த்தாயா?"
"எதை?"

உலாவியின் வரலாற்றைப் புரட்டினாள்.
குக்கி, மீன்விலை, மறுபடி மீன்விலை.
அந்த இரண்டு நிமிஷம் மட்டும்
எதிலும் ஏறவில்லை.