காலி வண்டி

வீட்டு மிஷினில் நூற்றிருபதோடு முள் நின்றுவிடும்.
அதற்கு மேல் நான் யாரென்று அதற்குத் தெரியாது.
ஆகவே புதுவயலில், அந்திக்கு வண்டி ஓய்ந்த பிறகு,
நான் சம்பளத்துக்குக் காக்கும் எடைமேடையில்
நானே ஏறி நிற்கிறேன்.
கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எண்:
130.

அது பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
நெல்லுக்கு அது போதும்,
நாலு கிலோவுக்கு எந்த ஆலைக்காரனும் சண்டைக்கு வரமாட்டான்.
நான் வருவேன்.

இருதய டாக்டர் நடக்கச் சொன்னார்.
முட்டி டாக்டர் நடையைக் குறைக்கச் சொன்னார்.
சர்க்கரை டாக்டர் சாப்பிட்டுவிட்டு நடக்கச் சொன்னார்;
எந்த மாத்திரைக்கு முன், எதற்குப் பின் என்று கேட்பதற்குள்
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.
காரைக்குடியிலிருந்து திரும்பும் பஸ்ஸில்
மூன்று சீட்டையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு
நாலாவதை நானே எழுதினேன்,
எடைச்சீட்டின் பின்பக்கத்தில்.

நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ வேண்டும்.
முதல் வாரம் ஒன்று.
அந்த ஒன்றிலும் மேஜைக்குப் பாதிப் பங்கு.

மேடை நாற்பதடி.
போக ஒரு நடை, வர ஒரு நடை, பிறகு உட்காரு.
பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் நெஞ்சு தாங்குகிறதாம்.
யாரோடு பேச?
அன்று வந்த வண்டிகளின் எண்ணைச் சொல்லிக்கொண்டு நடக்கிறேன்.
அறுபத்துமூன்று, ஏ எக்ஸ், நாலாயிரத்துப் பன்னிரண்டு.
ஐம்பத்தைந்து, பி கே, தொள்ளாயிரத்து ஏழு.
எண் பாதியில் அறுந்தால்
நிற்க வேண்டும். சீட்டில் அப்படித்தான் இருக்கிறது.

பாதம் மரத்து மூன்று வருஷமாகிறது.
இரும்புத் தகடு இன்னும் சுடுகிறதா என்று
என் கால் எனக்குச் சொல்வதில்லை.
குனிந்து புறங்கையால் தொட்டுக் கேட்கிறேன்.
குனிந்ததையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்,
யார் கேட்கப்போகிறார்கள்.

அவியல் நெல் வாசனையோடு உமிச்சாம்பல் வந்து
மேடை முழுக்கக் கறுப்பாய் இறங்கும்.
அதில் என் வலது கால் ஓர் அச்சு.
இடது கால் ஒரு கோடு.

பங்குனியில் ஒருநாள் ஆறாவது நடையில்
தொள்ளாயிரத்து என்றதோடு எண் அறுந்தது.
உட்கார்ந்துவிட்டேன், தகட்டின் மேலேயே.
சட்டைப் பையில் இரண்டு உண்டு:
நாக்கடிக்கு மாத்திரை, வாய்க்குக் கல்கண்டு.
நெஞ்சுக்கும் வியர்க்கும், சர்க்கரை இறங்கினாலும் வியர்க்கும்.
நெஞ்சில் வலி இல்லை. கை நடுங்கியது.
கல்கண்டைக் கடித்தேன்.

லோடோடு வந்து நின்ற செபஸ்தியான்
ஹாரன் அடிக்காமல் இன்ஜினை அணைத்தான்.
"மெதுவா இறங்குங்க சாத்தையாண்ணே.
உங்களையும் சேத்துப் போட்டா
முதலாளி என் கூலியில பிடிப்பாரு."
சிரித்ததில்தான் கை நின்றது.

பிறகு பதினோரு நாள் சீட்டில் ஒரே வாசகம்:
காலி வண்டி.
காலி வண்டி.
அதிலும் ஒருநாள் எழுதவே மனசில்லை.

பன்னிரண்டாம் நாள் இரண்டு நடை.
சித்திரையில் நாலு.
நாச்சம்மை இடியாப்பத்தை மூன்றோடு நிறுத்திவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போவாள்.
கை ஊன்றாமல் ஏழு தரம் எழுகிறேன்,
மேஜைக்கு இப்போது பங்கில்லை,
முட்டிக்குத்தான் வாய் நீளம்.

நேற்று ஏறி நின்றபோது
130 என்றது.
120 என்றது.
மறுபடி 130.
என் மூச்சுக்குத் தக்கபடி மாறுவதாகத் தோன்றியது;
காற்றாகவும் இருக்கலாம்,
கண்மாய்ப் பக்கமிருந்து நல்ல காற்று.
நூற்றிருபத்தைந்தின் வரப்பில் நிற்கிறேன் போல.
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி விளக்கை அணைக்கும்போது
சாம்பலில் இடது கோடு
நடுவில் ஒரு விரல் அகலம் அறுந்திருந்தது.

எந்த எண்ணை எழுதுவது?
டிரைவர்களுக்குத் தினமும் சொல்வதையே
சீட்டில் எழுதி வைத்தேன்:
வண்டி அசைகிறது.
நின்றால்தான் எடை.