பாதி அடியில்

ஸ்ட்ராஸ்பூர்க் மருத்துவமனையின் கீழ்த்தளம்.
பிப்ரவரி. குழாய்களுக்குள் வெந்நீர் முனகுகிறது.
வெள்ளைத் துணிக்குள் லசார் கிரும்பாக்,
டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர்,
என்னிடம் இரண்டு முறை அபராதம் வாங்கியவர்.

அடக்கம் ஆகும்வரை
இறந்தவரைத் தனியே விடுவதில்லை நாங்கள்.
இரண்டு மணியிலிருந்து ஆறுவரை என் முறை.
கையில் சங்கீதங்கள்.
எபிரேயம் எனக்குத் தடுக்கித் தடுக்கித்தான் வரும்,
கல் பாவிய தெருவில் சைக்கிள் போல.

ஓசைக்கு எதுகை கிடையாது இந்தப் பாட்டுகளில்.
பொருளுக்குத்தான்.
முதல் பாதி சொல்லும்;
மறு பாதி அதே பாரத்தைத்
தோள் மாற்றிச் சுமக்கும்.
நான் மருந்துக்கடைக்காரன்.
எந்தச் சீட்டையும் இரண்டு தடவை வாசிப்பேன்,
ஒன்று கண்ணுக்கு,
ஒன்று கைக்கு.
அதனால் இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

மூன்று மணி இருக்கும்.
சுவருக்கு அப்பால் ஒரு பெண் குரல்,
லத்தீனில், ஏறாமல் இறங்காமல்.
என் வரி அவள் வரிக்குள் போய் வழி தவறியது.
ஒரே வாக்கியத்தை மூன்று முறை தொடங்கினேன்.
பொறுக்க முடியாமல் எழுந்து
அடுத்த கதவைத் தட்டினேன்.

சிஸ்டர் பெலாஜி. எழுபது வயதிருக்கும்,
காலில் ஆண்களின் கம்பளிச் செருப்பு.
அவள் பின்னால் கட்டிலில் அவர்கள் மடத்துச் சமையற்காரி.
"எங்களவர்களையும் நாங்கள் தனியே விடுவதில்லை" என்றாள்.
சண்டைக்கு வந்த வாய் காபிக்கு அழைத்தது.

இயந்திரத்தின் முன் நின்று ஒப்பிட்டுப் பார்த்தோம்.
தாகத்தைப் பற்றிய அதே பாட்டு.
எனக்கு நாற்பத்திரண்டு,
அவளுக்கு நாற்பத்தொன்று.
முன்னால் எங்கோ
இரண்டை ஒன்றாகத் தைத்துவிட்டார்களாம்.
"ஒன்றை இரண்டாகக் கிழித்தவர்கள் நீங்களாகவும் இருக்கலாம்" என்றாள்.
இருக்கலாம்.

சேலா என்ற சொல்லைக் காட்டினேன்.
பொருள் எவருக்கும் தெரியாது:
நிறுத்தமா, தாளமா, குரலை உயர்த்தச் சொன்ன குறிப்பா.
அவள் புத்தகத்தில் அந்த இடம் காலி.
புரியாததை அவர்கள் இறக்கிவிட்டுப் போனார்கள்,
நாங்கள் டிக்கெட் இல்லாமலே ஏற்றிக்கொண்டு வருகிறோம்.
கிரும்பாக் கேட்டிருந்தால் எழுதியிருப்பார் ரசீது.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
பாட்டு முடிய முடிய அவள் சேர்த்துச் சொல்லும்
மூவருக்கான மகிமை:
எங்கள் வண்டியின் வாலில் மாட்டிய வேறொரு பெட்டி.
என்னைவிடப் பல நூறு வருடம் மூத்த கோபம் அது.
எங்களை உயிரோடு எரித்த நகரம் இது.
அன்று மாலையும் இங்கே மணி அடித்திருக்கும்;
அன்று மாலையும் இதே பாட்டுகளை
யாரோ ராகம் பிசகாமல் பாடியிருப்பார்கள்.
கோப்பையைப் பார்த்தபடி அவளே சொன்னாள்:
"பாடினோம். தெரியும்."
அதற்குமேல் அவள் பேசவில்லை.
நானும் தேற்றவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
அப்போதுதான் காதில் விழுந்தது.
வரிக்கு நடுவில் அவள் நிறுத்துகிறாள்,
ஒரு முழு மூச்சு.
அவள் பக்கத்தில் அதற்கு நட்சத்திரக் குறி,
அச்சிட்டிருந்ததைப் பார்த்தேன்.
என் பக்கத்தில் எழுத்தின் காலடியில்
கவிழ்த்த கவட்டை போல ஒரு கோடு.
எத்னஹ்தா: இளைப்பாறு.
சொற்கள் வேறு, எண் வேறு,
வாயில் வரும் கடவுளின் பெயர்கூட வேறு.
மௌனம் விழுவது மட்டும்
ஒரே இடத்தில்.

அதற்காக அவளைப் பிடித்துப்போனதாகச் சொல்ல மாட்டேன்.
அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன்,
அவ்வளவே.

ஆறு மணிக்குத் தள்ளுவண்டியோடு இருவர் வந்தார்கள்.
நான் ஓர் அடியின் பாதியில் இருந்தேன்.
"முடித்துவிட்டு வாருங்கள்" என்றான் இளையவன்,
கையுறையைக் கழற்றியபடி.
சுவருக்கு அப்பாலும் சத்தம் இல்லை.
மூச்சு வாங்குகிறாளா,
தூங்கிவிட்டாளா.

அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு
கொஞ்சம் கூடுதலாகவே
நின்றேன்.